ஒரே உறையில் இரண்டு கத்தி: உங்கள் படம் சொல்லாமல் விட்டது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில், ஒன்றோடொன்று போட்டி போடும் உயிரினங்கள் ஒரே இடத்தில் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கூடவே போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு ஊசியிலை மரம், அதில் ஐந்து குருவிகள், உச்சி ஒன்றுக்கு, நடுக்கிளை இன்னொன்றுக்கு, அடிக்கிளை வேறொன்றுக்கு என்று அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி வண்ணம் பிரித்து வரைந்திருந்தார்கள். படத்துக்குக் கீழே, பண்புகள் வேறுபட்டால் போட்டி இல்லை, போட்டி இல்லையென்றால் எல்லோருக்கும் இடம் உண்டு என்று ஒரு வரி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளியில் முப்பது வருடம் தாவரவியல் நடத்திய நானும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில்தான் சொல்லிக்கொடுத்தேன். அது பாதிதான் சரி, மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது என்று புரிவதற்குள் ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. அதனால்தான் இந்த நீளமான கடிதம். இடமில்லை என்று வெட்டினாலும் சரி, நடுப்பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்று நாம் சொல்வதை, மாஸ்கோவில் காஸ் என்ற ஆராய்ச்சியாளர் கண்ணாடிக் குழாய்களுக்குள் செய்து காட்டினார். 1934-ல் அவர் புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 23தான். பாரமீசியம் என்ற ஒரு செல் நீர்வாழ் உயிரியில் இரண்டு இனங்களை எடுத்துக்கொண்டார், ஆரேலியா ஒன்று, காடேட்டம் ஒன்று. தனித்தனிக் குழாயில் விட்டால் இரண்டுமே நன்றாகப் பெருகின. ஒரே குழாயில், ஒரே இரையோடு சேர்த்து விட்டால் கொஞ்ச நாளில் காடேட்டம் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் காணாமல் போனது. உருவத்தில் பெரியது காடேட்டம்தான் என்பதைக் கவனியுங்கள். பெரியதுதான் தோற்றது.

இந்த இடத்தில் பாடம் முடிந்துவிடும், மணியும் அடித்துவிடும். காஸ் மூன்றாவதாக ஒரு பாரமீசியத்தையும் வைத்துப் பார்த்தார் என்பதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை, நானும் பல வருடம் சொன்னதில்லை. அதன் பெயர் பர்சாரியா. அதன் உடம்புக்குள்ளேயே பச்சைப் பாசி குடியிருக்கிறது, அந்தப் பாசி ஆக்சிஜன் தருவதால் மற்றவை போக விரும்பாத குழாயின் அடிப்பகுதியில் இது தங்க முடிகிறது. அடியில் படிந்த ஈஸ்ட்டை இது தின்றது, மேலே மிதந்ததைக் காடேட்டம் தின்றது, இரண்டும் ஒரே குழாயில் தங்கிவிட்டன.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, வேறுபாடு இருந்தது, அதனால் சேர்ந்து வாழ்ந்தன என்று உங்கள் கட்டுரையாளர் சொல்வார். சரி. ஆனால் முதல் குழாயில் இருந்த ஆரேலியாவும் காடேட்டமும் மட்டும் அச்சில் வார்த்தது போல ஒன்றாகவா இருந்தன? அவற்றுக்குள்ளும் உருவத்தில் வேறுபாடு, பெருகும் வேகத்தில் வேறுபாடு, கழிவு நிறைந்த தண்ணீரைத் தாங்கும் சக்தியில் வேறுபாடு எல்லாம் இருந்தது. அவ்வளவு வேறுபாடு இருந்தும் ஒன்று அழிந்தது. இன்னும் சொல்லப்போனால் அந்த வேறுபாட்டால்தான் அழிந்தது.

ஆக, வேறுபாடு இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை, அது எந்த வகை வேறுபாடு என்றுதான் கேட்க வேண்டும். இதை ஒழுங்குபடுத்திச் சொன்னவர் பீட்டர் செஸன். 2000-ல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் கையில் வைத்திருப்பது, படிக்கக் கொஞ்சம் கடினம்தான், கணக்கு அதிகம். சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒரு இனம் எதைத் தின்று, எப்போது, எங்கே, எப்படிக் காலம் தள்ளுகிறது என்பதற்குப் பாடப்புத்தகம் செயல்வாழ்விடம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறது. மாணவர்களுக்கு அது மனப்பாடம் ஆகுமே தவிர மண்டையில் ஏறாது. நான் பிழைப்பு என்றே சொல்லிவிடுவேன். இரண்டு இனங்களுக்குள் பிழைப்பில் வேறுபாடு இருக்கலாம், வலுவில், அதாவது போட்டியில் ஜெயிக்கும் திறனில், வேறுபாடு இருக்கலாம். பிழைப்பு வேறுபாடு சேர்த்து வைக்கும். வலு வேறுபாடு பிரித்து விரட்டும். இரண்டும் பண்புகளிலிருந்துதான் வருகின்றன, ஒரே பண்பிலிருந்துகூட இரண்டும் வரலாம். தலைவலியே அங்கேதான்.

எது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சோதனை இருக்கிறது. ஒரு இனம் குறைந்து குறைந்து விரல் விட்டு எண்ணும் அளவுக்கு ஆகிவிட்டது, எதிரி இனம் எங்கு பார்த்தாலும் நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையிலிருந்து அது மறுபடி தலையெடுக்க முடிகிறதா? இடத்தை மாற்றிப் போட்டு, மற்றதைக் குறைத்துப் பார்த்தாலும் அதனாலும் முடிகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் அவை நிலையாகச் சேர்ந்து வாழ்கின்றன என்று அர்த்தம். அதற்கு ஒவ்வொரு இனமும் எதிரிக்குச் செய்யும் கெடுதலைவிடத் தன் சொந்த இனத்தாருக்குச் செய்யும் கெடுதல் அதிகமாக இருக்க வேண்டும். பங்காளிச் சண்டை வெளிச்சண்டையை மிஞ்ச வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நல்ல உதாரணம், கண்ணுக்கே தெரியாத இரண்டு பாசிகள். டேவிட் டில்மன் என்பவர் 1970-களில் ஆஸ்டீரியோனெல்லா, சைக்ளோட்டெல்லா என்ற இரண்டு டயாட்டம்களை வளர்த்துப் பார்த்தார். டயாட்டம் என்பது கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு போட்டுக்கொண்டு வாழும் பாசி, ஆகவே இவற்றுக்குச் சிலிக்காவும் வேண்டும், பாஸ்பேட்டும் வேண்டும். ஆஸ்டீரியோனெல்லா துளி பாஸ்பேட்டிலும் சமாளித்துவிடும், ஆனால் சிலிக்கா நிறையக் கேட்கும். சைக்ளோட்டெல்லாவுக்கு நேர் எதிர், சிலிக்கா கொஞ்சம் போதும், பாஸ்பேட் குறைந்தால் தாங்காது. பாஸ்பேட் தட்டுப்பாடான தண்ணீரில் ஆஸ்டீரியோனெல்லா ஜெயித்தது. சிலிக்கா தட்டுப்பாடானால் சைக்ளோட்டெல்லா ஜெயித்தது. நடுவில் ஒரு விகிதத்தில் இரண்டும் நின்றன. அந்த நடு விகிதத்தில் ஆஸ்டீரியோனெல்லா பெருகப் பெருகத் தீர்ந்துபோவது அதற்கே அதிகம் தேவையான சிலிக்கா, சைக்ளோட்டெல்லா பெருகப் பெருகத் தீர்வது அதற்கே அதிகம் தேவையான பாஸ்பேட். தான் பெருகினால் தன் கழுத்துக்குத்தான் கத்தி, அதனால் அடுத்தது தப்பிக்கிறது.

இப்போது என் சொந்தக் கதை. ஒரு வருடம் மாணவர்களை வைத்து இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளில் ஒரு சோதனை செய்தேன். குளத்து நீரின் மேல் பச்சைப் புள்ளியாக மிதக்குமே, லெம்னா என்ற செடி, அதையும் அசோலா என்ற மிதக்கும் பெரணியையும் பாதிப் பாதியாக இரண்டு தொட்டியிலும் விட்டோம். ஒரு தொட்டியில் எல்லாச் சத்தும் கரைத்தோம், இன்னொன்றில் நைட்ரஜனை மட்டும் விட்டுவிட்டோம். வேலையை ஆரம்பிக்கும் முன்பே நான் கரும்பலகையில் முடிவை எழுதிவிட்டேன்: அசோலா அடர்த்தியாகப் படர்ந்து மேலே ஏறிக்கொள்ளும், லெம்னா தட்டையானது, நிழலில் மாட்டிக்கொண்டு செத்துப்போகும், இரண்டு தொட்டியிலும் அசோலாவே வெல்லும் என்று. இலை அளவையும் செடியின் உயரத்தையும் அளவுகோல் வைத்து அளந்து, அட்டவணை போட்டு, அதன் பிறகுதான் இந்த ஜோசியம்.

நைட்ரஜன் இல்லாத தொட்டியில் நான் சொன்னபடியேதான் நடந்தது. லெம்னா வெளிறி மஞ்சளானது, ஒரு செடியை விரலில் ஒட்டித் தூக்கிப் பார்த்தால் அடியில் வேர் மட்டும் சத்தைத் தேடி நூல் மாதிரி நீளமாகத் தொங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் சத்து நிறைந்த தொட்டியில் லெம்னா ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, அசோலாத் துண்டுகளுக்கு இடையில் இருந்த சந்துகளையெல்லாம் நிரப்பி, அவற்றைத் தொட்டியின் ஓரத்துக்கே தள்ளிவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், சார், அளவுகோல் இரண்டு தொட்டிக்கும் ஒன்றுதானே என்று கேட்டாள். நான் அப்போது என்னவோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான பதில் அசோலா இலையின் உட்குழிக்குள் இருக்கிறது. அங்கே ஒரு நீலப்பச்சைப் பாசி தங்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அசோலாவுக்குக் கொடுக்கிறது. தண்ணீரில் நைட்ரஜன் இல்லாதபோது அந்தப் பண்புதான் எல்லாமே. தாராளமாக இருக்கும்போது அதனால் பெரிய ஆதாயம் இல்லை, வேகமாகப் பெருகுகிறவன்தான் ராஜா. நான் அளந்த இலைக்கும் உயரத்துக்கும் முடிவோடு பெரிய சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை. முதல் தொட்டியில் என் ஜோசியம் பலித்ததுகூடத் தவறான காரணத்துக்காகத்தான்.

என் தொட்டி சின்ன விஷயம். இதையே பெரிய அளவில், முறையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். நாதன் கிராஃப்ட், ஆஸ்கார் கொடாய், ஜோனதன் லெவின் மூவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு அது. கலிபோர்னியாவில் ஒரே வருடத்தில் முளைத்துப் பூத்து விதை போட்டு மடியும் 18 செடி இனங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு பக்கத்தில் பக்கத்தில், நெருக்கமாகவும் கலப்பாகவும் வளர்த்து, யார் பக்கத்தில் இருந்தால் யாருக்கு எவ்வளவு விதை குறைகிறது என்று எண்ணினார்கள். உண்மையாகவே விதையை எண்ண வேண்டும், சாமி, அந்த வேலையை நினைத்தாலே எனக்குக் கண் வலிக்கிறது. அந்த எண்ணிக்கையிலிருந்து ஒவ்வொரு ஜோடிக்கும் பிழைப்பு வேறுபாடு எவ்வளவு, வலு வேறுபாடு எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இலை, வேர், உயரம், விதையின் எடை, பூக்கும் காலம் என்று 11 பண்புகளை அளந்து வைத்துக்கொண்டு இரண்டையும் பொருத்திப் பார்த்தார்கள்.

தனித்தனியாக எடுத்த பண்புகள் பல, வலு வேறுபாட்டோடு நன்றாகப் பொருந்தின. யார் ஜெயிப்பார் என்பதை ஒற்றைப் பண்பை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் பிழைப்பு வேறுபாட்டோடு, அதாவது ஏன் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன என்பதோடு, எந்த ஒற்றைப் பண்பும் பொருந்தவில்லை. பல பண்புகளைச் சேர்த்துக் கட்டினால்தான் அதற்கு விளக்கம் கிடைத்தது.

ஆசிரியரே, உங்கள் படத்துக்குக் கீழே இருந்த வரி இங்கேதான் உடைகிறது. ஒரே ஒரு பண்பை எடுத்து, அது வேறுபடுகிறது, அதனால் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று சொன்னால், இந்தச் செடிகளில் நடந்ததற்கு நேர் எதிராகச் சொல்கிறோம். உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான செடி வெளிச்சத்தை முதலில் பிடித்துக்கொள்கிறது, குட்டையான செடி மிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. குட்டையாக இருப்பதால் அதற்குத் தனி வெளிச்சம் ஒன்றும் கீழே காத்திருக்கவில்லை. உயர வேறுபாடு கூடக் கூடக் குட்டைச் செடியின் நிலைமை மோசமாகும். வல்லான் வகுத்ததே வாய்க்கால். அந்தக் குட்டைச் செடிக்குக் குறைந்த வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்கும் இலை, முன்னாடியே பூத்துவிடும் அவசரம், ஆழம் குறைந்த வேர் என்று வேறு சிலதும் சேர்ந்தால்தான் அது ஒரு தனிப் பிழைப்பாகிறது.

மரங்களிலும் கிட்டத்தட்ட இதே செய்திதான். 2016-ல் ஜார்ஜ் குன்ஸ்லரும் பலரும் சேர்ந்து, உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களின் வளர்ச்சிக் கணக்கை எடுத்து, மரக்கட்டையின் அடர்த்தி, இலையின் பரப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதம், அதிகபட்ச உயரம் ஆகிய மூன்று பண்புகளோடு வைத்துப் பார்த்தார்கள். இந்தப் பண்புகள் போட்டியில் யார் கை ஓங்கும் என்பதைச் சொல்லின, பண்பு வேறுபட்டால் போட்டி குறைகிறது என்பதற்கு மிக லேசான தடயமே கிடைத்தது. அதே சமயம் தன் இனத்து மரம் பக்கத்தில் இருப்பது, வேற்றினத்து மரம் இருப்பதைவிட அதிகமாக வளர்ச்சியைக் கெடுத்தது. சேர்ந்து வாழ வைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது, ஆனால் அது நாம் அளந்த மூன்றில் இல்லை.

இதிலிருந்து இன்னொரு விசித்திரமும் வருகிறது. வலு வேறுபாடு குறைவாக இருந்தால் மிகச் சிறிய பிழைப்பு வேறுபாடே சேர்ந்து வாழப் போதும். அப்படியானால் ஒன்றையொன்று உரித்து வைத்த மாதிரி இருக்கும் இரண்டு இனங்கள், மலையும் மடுவுமாக இருக்கும் இரண்டைவிடச் சுலபமாகச் சேர்ந்து வாழலாம். மார்கரெட் மேஃபீல்டும் மேலே சொன்ன லெவினும் 2010-ல் இதைத்தான் எழுதினார்கள். அதற்கு முன்னால், ஒரு இடத்தில் ஒரே மாதிரியான இனங்கள் கூடியிருந்தால் அது மண்ணும் வெயிலும் சலித்து எடுத்தது, வேறுவேறாக இருந்தால் அது போட்டி பிரித்து வைத்தது என்று பட்டியலைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுவது பழக்கமாக இருந்தது. போட்டியே ஒரே மாதிரியானவர்களைச் சேர்த்து வைக்கவும் செய்யும் என்றால் அந்தத் தீர்ப்புகளை என்ன செய்வது? பாதி வழக்குகளை மறுபடி விசாரிக்க வேண்டியதுதான்.

பட்டியலைப் பார்த்துச் சட்டம் கண்டுபிடிக்கும் ஆசைக்கு ஒரு பழைய வேடிக்கை சொல்லிவிட்டு மேலே போகிறேன். 1959-ல் ஹட்சின்சன் என்ற மேதை, ஒரே இடத்தில் வாழும் நெருங்கிய இனங்களின் அலகையோ மண்டையோட்டையோ அளந்தால் பெரியது சின்னதைப் போலச் சுமார் 1.3 மடங்கு இருக்கிறது என்று கவனித்தார். அப்புறம் பல வருடம் எல்லோரும் 1.3-ஐத் தேடி அலைந்தார்கள், கிடைக்கவும் செய்தது. 1977-ல் ஹார்ன், மே என்ற இருவர் குழல் இசைக்கருவிகள், இரும்பு வாணலிகள், குழந்தைகளின் சைக்கிள்கள் ஆகியவற்றின் அளவுகளை எடுத்துப் பார்த்தால் அவற்றிலும் அதே விகிதம் வந்தது. வாணலிகளுக்குள் வாழ்க்கைப் போராட்டம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

சரி, பண்பை அளப்பதே வீண் என்கிறேனா? இல்லவே இல்லை. கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்ற குட்டித் தீவில் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் 1973-லிருந்து நாற்பது வருடம் குருவிகளின் அலகை அளந்தார்கள். அது வீண் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அங்கே ஃபார்ட்டிஸ் என்று ஒரு நடுத்தர அலகுக் குருவி, சராசரியாக 18 கிராம் இருக்கும். அதன் இரைகளில் ஒன்று நம் நெருஞ்சியின் உறவுக்காரச் செடியின் காய். வெறுங்காலில் நெருஞ்சி மிதித்தவர்களுக்கு அந்தக் காய் எவ்வளவு கெட்டி என்று சொல்லத் தேவையில்லை. அதைப் பிளந்து உள்ளே இருக்கும் விதையை எடுக்க வேண்டும், அலகு பெரிதாக இருந்தால் முடியும், சிறிதாக இருந்தால் முடியாது. 1977-ல் கடும் வறட்சி வந்து சின்ன விதைகளெல்லாம் தீர்ந்துபோக, கெட்டிக் காய்களே மிஞ்சின. ஃபார்ட்டிஸ் குருவிகளில் பெரும்பகுதி செத்தது, பிழைத்தவை பெரிய அலகுக்காரர்கள். அடுத்த தலைமுறையின் சராசரி அலகே பெரிதானது.

1982 கடைசியில் மேக்னிராஸ்ட்ரிஸ் என்ற இன்னும் பெரிய குருவி, சுமார் 30 கிராம், அந்தத் தீவில் வந்து குடியேறியது. வந்து கூடு கட்டியவை ஐந்தே பறவைகள், மெல்ல மெல்லப் பெருகின. நெருஞ்சிக் காய் உடைப்பதில் அது மன்னன், ஃபார்ட்டிஸின் பெரிய அலகுக்காரர்கள் முக்கி முனகி உடைப்பதை இது சட்டென்று உடைத்துவிடும். 2003-லும் 2004-லும் மறுபடி வறட்சி. இந்த முறை நெருஞ்சியை மேக்னிராஸ்ட்ரிஸ் காலி செய்துவிட்டது, ஃபார்ட்டிஸில் செத்தவர்கள் பெரிய அலகுக்காரர்கள், பிழைத்தவர்கள் சின்ன விதையைக் கொத்தத் தெரிந்த சின்ன அலகுக்காரர்கள். சராசரி அலகு சட்டென்று சிறுத்தது. அதே தீவு, அதே குருவி, அதே மாதிரி வறட்சி, அதே அலகு. 1977-ல் உயிரைக் காப்பாற்றிய பண்பு 2004-05-ல் உயிரை வாங்கியது, காரணம் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். பண்புக்கு மட்டும் தனியாக ஒரு அர்த்தம் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பிழைத்த சின்ன அலகுக்காரர்களுக்கும் மேக்னிராஸ்ட்ரிஸுக்கும் நடுவில் இப்போது பிழைப்பு கொஞ்சம் விலகியிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறுபாடு இருந்ததால் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று நாம் எழுதும் இடங்களில், சேர்ந்து வாழ நேர்ந்ததால் வேறுபாடு வந்த கதையும் இருக்கக்கூடும்.

இன்னொன்று, காலம். அரிசோனாவின் சோனோரன் பாலைவனத்தில் குளிர்கால மழைக்கு முளைக்கும் சின்னச் செடிகளை லாரன்ஸ் வெனபிளும் கூட்டாளிகளும் 1980-களிலிருந்து எண்ணி வருகிறார்கள். சில இனங்கள் தண்ணீர் கிடைத்தால் மடமடவென்று வளரும், ஆனால் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கத் தெரியாது. சில இனங்கள் சிக்கனக்காரர்கள், ஆனால் மெதுவாக வளர்பவர்கள். இரண்டும் ஒருங்கே வாய்த்தவர் யாருமில்லை. நல்ல மழை வருடத்தில் ஒருவர் கொழிப்பார், வறண்ட வருடத்தில் இன்னொருவர். கெட்ட வருடத்தில் ஏன் அழிந்துவிடவில்லை என்றால், விதைகள் எல்லாமே ஒரே வருடத்தில் முளைப்பதில்லை, ஒரு பகுதி மண்ணுக்குள் தூங்கிக்கொண்டு தன் காலத்துக்குக் காத்திருக்கிறது. வங்கியில் போட்டு வைத்த பணம் மாதிரி. ஒரு வருடம் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், இந்தச் செடிதான் பலசாலி, அது நோஞ்சான் என்று எழுதிவிடுவார். அடுத்த வருடம் போனால் தலைகீழாக எழுதுவார்.

மூன்றாவது ஆள் வந்து பஞ்சாயத்து செய்யும் கதைகளும் உண்டு, அவற்றை ஓட்டமாகச் சொல்கிறேன். ராபர்ட் பெய்ன் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளிலிருந்து நட்சத்திர மீன்களை எடுத்து எடுத்து வீசினார். அவற்றுக்கு இரையாகிக்கொண்டிருந்த மட்டிகள் பாறையை ஆக்கிரமித்து மற்ற இனங்களை நெருக்கித் தள்ளின, 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 ஆனது. 1966-ல் வந்த கட்டுரை அது. வெப்பமண்டலக் காடுகளில் தாய்மரத்தடியில் விழும் விதைகளை அந்த மரத்துக்கென்றே இருக்கும் பூச்சியும் பூஞ்சையும் அழிப்பதால் வேற்று இனத்துக்கு இடம் கிடைக்கிறது என்று ஜான்சன் 1970-லும் கானல் 1971-லும் சொன்னார்கள். இங்கெல்லாம் நாம் அளக்க வேண்டிய பண்பு இலையின் அகலம் இல்லை, அந்த இலையில் இருக்கும் விஷமும் விதையின் தோலும். போட்டியாளர்களுக்குள் எந்த வேறுபாடும் தேவையில்லை, எல்லாம் சீட்டுக் குலுக்கல் மாதிரி என்று ஸ்டீபன் ஹப்பெல் 2001-ல் ஒரு புத்தகமே போட்டார். அதை நான் முழுக்க ஏற்கவில்லை, ஆனால் நாம் பார்க்கும் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும் என்ற நம் பிடிவாதத்தை அசைத்துப் பார்த்ததற்காக அந்த மனிதரை மதிக்கிறேன்.

இதெல்லாம் ஒரு நாளிதழுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காடு வளர்ப்பவர்கள், ஏரிக்கரையில் பலவகைக் கன்று நடுபவர்கள், புல்வெளியை மீட்கிறவர்கள் எல்லோரும் இப்போது பண்புப் பட்டியலைப் பார்த்து இனங்களைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் உயரம் வேறுபடட்டும், வளரும் வேகம் வேறுபடட்டும், கலவை தானாக நிலைத்துவிடும் என்று நம்பி நட்டால், வேகமாக வளரும் இரண்டு இனம் மற்றவற்றை அமுக்கிவிட்டு நிற்பதைத்தான் சில வருடத்தில் பார்ப்பார்கள். என் கரும்பலகை ஜோசியம் அங்கே ஏக்கர் கணக்கில் பொய்க்கும். ஒவ்வொரு இனமும் கூட்டமாக இருக்கும்போது எப்படி இருக்கிறது, அரிதாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று சின்னத் துண்டு நிலத்தில் இரண்டு மூன்று வருடம் பார்த்துவிட்டு நடுவது மெதுவான வேலை, கொட்டாவி வரும் வேலை, ஆனால் பட்டியல் தராத பதிலை அது தரும்.

கடைசியாக அந்தப் படம். ஐந்து வார்ப்ளர் குருவிகளும் ஊசியிலை மரமும் ராபர்ட் மெக்ஆர்தர் 1958-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தவை, உங்கள் ஓவியருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மெக்ஆர்தர் நிழல் போட்டுக் காட்டிய பகுதி, அந்தக் குருவி இரை தேடுவதில் குறைந்தது பாதியாவது நடக்கும் இடம், மீதிக்கு அது மரத்தின் மற்ற பகுதிகளுக்கும் போய்வரும். எல்லைக்கோடு எதுவும் அங்கே இல்லை, ஒன்றின் இடத்தில் இன்னொன்றும் மேய்கிறது. மேலே கீழே என்பதோடு, கிளையோடு நகர்கிறதா குறுக்கே தாவுகிறதா, தொங்கிக் கொத்துகிறதா பறந்து பிடிக்கிறதா, எப்போது கூடு கட்டுகிறது என்பதையெல்லாம் அவர் சேர்த்துத்தான் பார்த்தார். ஐந்தில் இரண்டு இனங்கள், கேப் மே வார்ப்ளரும் பே பிரெஸ்டட் வார்ப்ளரும், அந்த மரங்களைத் தின்னும் மொட்டுப்புழு பெருவாரியாகப் பெருகும் வருடங்களை நம்பி இருப்பவை, புழு இல்லாத வருடங்களில் அவற்றின் பாடு திண்டாட்டம். அதை ஒரு மரத்துப் படத்தில் எந்த மாடியில் வரைவது? அடுத்த முறை இந்தப் படத்தைப் போட்டால் வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியட்டும், கோடுகளை எடுத்துவிடுங்கள், பக்கத்திலேயே புழு நிறைந்த வருடத்துக்கு ஒரு மரமும் புழு இல்லாத வருடத்துக்கு ஒரு மரமும் வரையச் சொல்லுங்கள். அதற்கு இடம் வேண்டுமென்றால் கீழே இருக்கும் அந்த ஒரு வரியைத் தாராளமாக எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
உங்கள் நீண்ட நாள் வாசகர்